பௌர்ணமியின் திட்ட விலக்கம்

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் இப்போதெல்லாம் நலம் விசாரிப்பதில்லை, எண் விசாரிக்கிறோம். சாப்பிடும் முன் எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு, மூணு மாச சராசரி எவ்வளவு. அந்த மூன்றாவது எண் ஒழுங்காக இருந்துவிட்டால், பொதுத்தேர்வில் பள்ளி முதலிடம் வந்த களை முகத்தில் வந்துவிடுகிறது. எனக்கென்னவோ சராசரி என்ற சொல்லே ஆகாது. சராசரியாக வாழ்ந்து கொண்டிருப்பவள்தான் நானும். ஆனாலும் ஆகாது. இந்த ஒவ்வாமை ஒன்பதாம் வகுப்பில், வெயில் ஏறத் தொடங்கிய பங்குனி மாதத்தில் வந்தது.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் வீடு. மாதத்தில் இருபத்தெட்டு நாள் அது வீடு. பௌர்ணமி வந்தால் கடை. வாசலில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, அண்டாவில் மல்லாட்டை வேக வைப்பார் அப்பா. நிலக்கடலை என்று நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்த அதேதான்; வெந்துகொண்டிருக்கும்போது அந்தப் பெயர் அதற்குப் பொருந்தாது. உப்பும் மண்ணும் கலந்து எழும் ஆவியில் தெருவே ஈரமாகும். அம்மா அடுப்பு, அப்பா வியாபாரம், நான் பொட்டலம். தாளைக் கூம்பாகச் சுருட்டி, கைப்பிடி உடைந்த அலுமினிய டம்ளரால் ஒரு அளவு போட்டு, வாயை மடித்து நீட்ட வேண்டும். சாயங்காலம் தொடங்கினால் மறுநாள் காலை கூட்டம் வடியும்வரை. தூங்காமல் நேரே பள்ளிக்கு. வழியில் பஸ் கம்பியைப் பிடித்தபடி பத்து நிமிஷம் தூங்குவேன். நின்றுகொண்டு தூங்கும் அந்தக் கலை இன்றுவரை அலுவலகக் கூட்டங்களில் கைகொடுக்கிறது.

பொட்டலத்துக்கு எந்தத் தாள் என்று அப்பா பேதம் பார்த்ததில்லை. பழைய நோட்டு, கல்யாணப் பத்திரிகை, திருத்தித் தந்த என் விடைத்தாள். ஒருமுறை நான் தொண்ணூற்றெட்டு வாங்கிய கணக்குத் தாளைக் கண்ணெதிரே சுருட்டி, ஆந்திராவிலிருந்து வந்த ஒரு பெரியவர் கையில் கொடுத்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று தெலுங்கில், "பாகுந்தி" என்றார். கடலையைச் சொன்னாரா, கணக்கைச் சொன்னாரா தெரியாது. இரண்டையும் நானே எடுத்துக்கொண்டேன்.

கணக்கு சார் டவுன் பள்ளியிலேயே கண்டிப்பானவர். ஒன்பதாவது பாடத்தைத் தை மாதத்திலேயே முடித்துவிட்டு, யாரும் கேட்காமலே பத்தாவது பாடத்தைத் தொடங்கிவிடும் பள்ளி எங்களுடையது. அப்படித்தான் புள்ளியியல் எங்கள் தலையில் ஒரு வருஷம் முன்கூட்டியே விழுந்தது. வீச்சு, விலக்கம், திட்ட விலக்கம். சார் கரும்பலகையில் நம் மலையை வரைவார். நடுவில் உச்சி, இரண்டு பக்கமும் ஒரே சரிவு.

"எண்ணெல்லாம் ஒழுங்கா இருந்தா, படம் இப்படி வரும். சராசரி நடுவுல, மீதி ரெண்டு பக்கமும் சமமா."

நான் கை தூக்கினேன். தூக்காமல் இருந்திருக்கலாம். "சார், எங்க ஊர்ல இருந்து பார்த்தா மலை இப்படி இருக்காது சார். உச்சி ஒரு ஓரமாப் போயிடும். ஒரு பக்கம் வால் மாதிரி நீளும்."

வகுப்பு சிரித்தது. சாரும் சிரித்தார். "அதுக்குப் பேரு கோட்டம். உங்க ஊர் மலைக்குக் கோட்டம் ஜாஸ்தி போல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தோழி மட்டும் சிரிக்காமல், ஸ்கேலை வைத்து ஓரக்கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் எதையும் ஸ்கேல் வைத்தே செய்பவள். தேர்வில் எண்பதுக்கு இரண்டு மேலே போவாள், இரண்டு கீழே வருவாள். அதற்கு மேல் அவளுக்கு ஊர்சுற்றும் பழக்கம் இல்லை.

அந்தப் பங்குனியில்தான் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கோடை விடுமுறையில் ஒரு கல்லூரியில் பத்து நாள் கணக்கு முகாம். பள்ளிக்கு ஒருவர். தங்க இடம், சாப்பாடு, திரும்பி வரும்போது ஒரு சான்றிதழ். நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. முகாமில் கடலைக் காட்டுவார்கள் என்று கடிதத்தில் எங்கும் இல்லை. ஆனால் சென்னை என்று இருந்தது. கடல் அதில் அடக்கம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். தேதிகளை நான் மனப்பாடம் செய்த வேகத்தில் வேறெதையும் செய்ததில்லை.

போட்டி எனக்கும் தோழிக்கும்தான். வீட்டில் கையெழுத்து வாங்கிவரச் சொல்லி இருவருக்கும் ஒரு தாள் தந்தார் சார். அப்பா அதை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர் முன்னால் போய் நின்று, கட்டைவிரலால் தாள்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். நல்ல நாள் பார்க்கிறார் என்று நினைத்தேன். நெஞ்சு நிறைந்துபோயிற்று. அம்மாவிடம்கூடச் சொன்னேன்: "அப்பா நாள் பாக்குறாரும்மா!"

கையெழுத்துப் போட்டுவிட்டு, "மொதல்ல உன்ன எடுக்கட்டும் பாப்பா. அப்புறம் பாக்கலாம்" என்றார்.

"பாக்கலாம்" என்றால் தகப்பன்மார் மொழியில் என்ன அர்த்தம் என்று இப்போது நம் எல்லோருக்கும் தெரியும். நாமே எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்.

மூன்று நாள் கழித்து சார் வகுப்புக்கு வந்ததும் கரும்பலகையில் இரண்டு வரிசை எழுதினார்.

"ரெண்டு கிரிக்கெட் ஆட்டக்காரங்க. அஞ்சு ஆட்டம். ஏறுவரிசையில எழுதியிருக்கேன். டீம்ல ஒரு இடம்தான் இருக்கு. யார எடுப்பீங்க?"

முதல் ஆள்: 20, 30, 65, 67, 68. இரண்டாம் ஆள்: 48, 49, 50, 51, 52.

கை தூக்கினேன். சாக்பீஸை என்னிடம் கொடுத்துவிட்டு சார் சன்னலோரம் போய் நின்றார். நம் வாழ்க்கையில் எல்லோருக்கும் ஒரு நாள் இருக்கும், மிக நன்றாக வேலை செய்த நாள். எனக்கு அதுதான். இருவருக்கும் கூட்டுத்தொகை இருநூற்று ஐம்பது, சராசரி ஐம்பது. "ரெண்டு பேரும் சமம் சார். சராசரிய வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றேன், நீதிபதி போல. ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று எழுதினேன். வர்க்கப்படுத்தினேன், கூட்டினேன், ஐந்தால் வகுத்தேன், வர்க்கமூலம் எடுத்தேன். இரண்டாம் ஆளுக்கு ஒன்று புள்ளி நாலு ஒன்று. முதல் ஆளுக்கு இருபது புள்ளி ஆறு எட்டு.

"அப்போ?" என்றார் சார்.

"ரெண்டாவது ஆள்தான் சீரானவர் சார். அவரைத்தான் எடுக்கணும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். கைதட்டல் வராத குறைக்கு ஒரு வரி சேர்த்தேன். "மொத ஆளு எந்த நேரத்துல கால வாருவான்னு சொல்ல முடியாது சார். நம்பி எடுக்க முடியாது."

வகுப்பு ரசித்தது. சார் ரசிக்கவில்லை.

"சரி. எல்லா எண்ணோடயும் ஒரே எண்ணக் கூட்டினா திட்ட விலக்கம் மாறுமா?"

"மாறாது சார். எல்லாம் சேர்ந்து நகரும். நடுவுல இருக்கிற தூரம் அப்படியேதான் இருக்கும்."

"அப்போ எல்லா எண்ணோடயும் முப்பது கூட்டி எழுது."

எழுதினேன். ஐம்பது. அறுபது. தொண்ணூற்றைந்து என்று எழுதும்போது கை மெதுவாகிவிட்டது. தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டை எழுதத் தேவையே இருக்கவில்லை. அதை ஆந்திரப் பெரியவர் கையில் கொடுத்து அனுப்பியவளே நான்தான். கீழே தோழியின் வரிசையில் எழுபத்தெட்டு முதல் எண்பத்திரண்டு வரை ஸ்கேல் வைத்தாற்போல நின்றன.

"பேரப் போட்டு எழுதினா ஒருத்தருக்கொருத்தர் மனசு கஷ்டம். அதான் கிரிக்கெட்டா மாத்தினேன். யாருக்கும் ஓரவஞ்சனை இல்ல பாரு, நீயே தீர்ப்பு சொல்லிட்ட" என்றார் சார், மிகவும் கனிவாக. இவ்வளவு நியாயமாக யாரையும் கழுத்தறுக்க முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. அவர் நல்லவர், அதை இன்றும் சொல்வேன். மூன்று நாள் யோசித்து, பாரபட்சம் இல்லாத வழியைக் கண்டுபிடித்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது. ஏறுவரிசையில் அடுக்கியபோது தேதிகள் உதிர்ந்துபோனது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த ஐம்பதும் அறுபதும் எந்தத் தேதி என்று வானத்தைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். சார் தனக்குத் தோன்றிய நாளில் தேர்வு வைப்பவர்; மார்க்கை மட்டும் குறித்துக்கொள்வார், தேதியை அல்ல. இரண்டு தடவை அது பௌர்ணமிக்கு மறுநாளாக அமைந்துவிட்டது.

இடைவேளை மணி அடித்ததும், அவர் வகுப்பை விட்டுக் கிளம்பும் முன் அவரிடம் ஓடினேன். "சார், அந்த ரெண்டு பரீட்சையும் பவுர்ணமிக்கு மறுநாள் சார். முந்தின ராத்திரியெல்லாம் கடையில நின்னுட்டு, தூங்காம வந்து எழுதினேன் சார்."

"தேதி போட்ட பேப்பர் இருக்கா?"

இருந்தது. உப்பும் தோலுமாக, கிரிவலப் பாதையின் பதினாலு கிலோமீட்டரில் எங்கோ இருந்தது.

சார் கொஞ்சம் யோசித்தார். பிறகு வகுப்பைப் பார்த்து, "இவ பவுர்ணமி அன்னிக்குக் கடையில நிக்கிறத யாராச்சும் பாத்திருக்கீங்களா?" என்றார்.

என் தோழி பார்த்திருக்கிறாள். தை மாதம் அவள் அம்மாவோடு மலை சுற்ற வந்தபோது என் கையால் பொட்டலம் வாங்கியிருக்கிறாள். கூடக் கொஞ்சம் போடச் சொன்னாள், போட்டும் இருக்கிறேன். அவள் ஸ்கேலில் இருந்த சென்டிமீட்டர் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேல். எண்ண அவ்வளவு நேரம் ஆகாது.

"சரி, உங்க அப்பாவ அழைச்சிட்டு வா. அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும். அந்த ரெண்டு மார்க்கையும் எடுத்துட்டுப் பாக்குறேன்" என்றார் சார்.

சாயங்காலம் தோழியிடம் கேட்டேன். "ஏன்டி சொல்லல?"

"நீ சொல்லச் சொல்லலியேடி" என்றாள். அதிலும் ஒரு சீர் இருந்தது.

எனக்கு அவள்மேல் அப்போது பெரிய கோபம் வரவில்லை. அவள் சாட்சியே தேவையில்லை, அப்பா இருக்கிறார். இரண்டு மார்க்கையும் எடுத்துவிட்டால் என் சராசரி தொண்ணூற்றாறரைக்கு மேல். வீச்சு வெறும் மூன்று. அவளைவிடச் சீர். கணக்கை முதல் தடவை காலண்டர் தாளின் பின்புறம் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் தடவை பஸ்ஸில், மனத்திலேயே.

மறுநாள் அப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, கல்யாணத்துக்குப் போடுவது. ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். நான் சுவரோரம் நின்றேன். மேசைமேல் சாக்பீஸ் டப்பாவும் பாதி குடித்த டீயும் இருந்தன. டீயின்மேல் ஏடு படிந்திருந்தது. அது இப்போதும் அப்படியே கண்ணில் இருக்கிறது. நான் யார் முகத்தையும் பார்க்காமல் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"ஒண்ணுமில்லைங்க. உங்க பொண்ணு பவுர்ணமிக்குத் தூங்காம கடையில நிக்கிதாமே. அதனால மறுநாள் பரீட்சை சரியா எழுத முடியலன்னு சொல்லுது. உண்மைதானுங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. நான் சிரித்தேன், 'சொல்லுப்பா' என்பதுபோல.

"சார், எங்க வீட்ல பொம்பளப் புள்ளைங்கள கடையில நிக்க வெக்கிற வழக்கமே இல்லைங்க. பவுர்ணமி அன்னிக்கும் இது ஒம்போது மணிக்கே படுத்துடும்."

சார் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டாம். அதுவரை நான் சீரில்லாதவள் மட்டும்தான். இப்போது பொய் சொல்கிறவளும்கூட.

"பரவால்லைங்க, சின்னப் புள்ள. ஆசை" என்றார் சார். அப்பா கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். வெளியே வந்து என்னிடம், "பஸ்ஸுக்குக் காசு இருக்கா பாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

தோழி போனாள். பத்து நாள் கழித்து, சிப்பி ஒட்டிய ஒரு சாவிக்கொத்து வாங்கிவந்து கொடுத்தாள். "கடல் எப்படிடி இருந்துச்சு?" என்றேன். "பெரிசா இருந்துச்சு" என்றாள். சராசரியான பதில். அந்தச் சாவிக்கொத்தை ஒரு பௌர்ணமியில் பொட்டலத்துக்குள் போட்டு யாருக்கோ கொடுத்துவிட்டேன். யார் பல் உடைந்ததோ.

அதன்பின் நானும் பத்தாவது, பன்னிரண்டாவது, பி.காம்., ஒரு காப்பீட்டு அலுவலகம், ஒரு கல்யாணம் என்று சராசரிக்கு வந்து சேர்ந்தேன். பெரிய சோகம் ஒன்றும் இல்லை. முகாமுக்குப் போயிருந்தால் மட்டும் கணித மேதை ஆகியிருப்பேனா என்ன? போன தோழி இப்போது போளூரில் ஜவுளிக்கடையில் இருக்கிறாள். தள்ளுபடி எவ்வளவு என்பதற்கும் கால்குலேட்டரைத்தான் எடுக்கிறாள். அப்பாவையும் என்றோ மன்னித்துவிட்டதாகவே நினைத்திருந்தேன். எனக்கு நானே ஒரு காரணம் செய்துகொண்டேன்: கௌரவம். படித்தவர் முன்னால், நாலு வாத்தியார் இருக்கும் அறையில், வயசுக்கு வந்த பெண்ணை ராத்திரியெல்லாம் தெருவில் நிறுத்துகிறேன் என்று எந்தத் தகப்பன் சொல்லுவான்? பாவம், வெட்கம். வருஷம் ஏற ஏற இந்தக் காரணம் எனக்குப் பிடித்துப்போய், நானே கொஞ்சம் கண்கலங்கவும் செய்திருக்கிறேன்.

இப்போது அப்பாவுக்குச் சர்க்கரை. செங்கம் ரோட்டில், நான் இப்போது குடியிருக்கும் வீட்டுப் பக்கத்து டாக்டரிடம் போன மாதம் அழைத்துப் போனேன். மூணு மாச சராசரி நன்றாகவே இருந்தது. அப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் வீட்டில் விரலைக் குத்திப் பார்த்து அவர் போனில் சொல்லும் அளவுகளை நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். தேதிவாரியாக, ஏறுவரிசையில் அல்ல. டாக்டர் அதைப் புரட்டினார். இளம் பெண், கெட்டிக்காரி.

"சராசரி நல்லாதான் இருக்கு. ஆனா சில நாள் மட்டும் எகிறுதே. ஐயா இனிப்பு சாப்பிடறீங்களா?"

"எங்க வீட்ல இனிப்பு வாங்குற வழக்கமே இல்லைங்க" என்றார் அப்பா.

அந்த வாக்கியத்தை எனக்குத் தெரியும். அதே நடை, அதே பணிவு, கடைசியில் அதே 'இல்லைங்க'. அப்பா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

"டாக்டர், அந்த நாளையெல்லாம் வட்டம் போட்டிருக்கேன், பாருங்க" என்றேன். "எல்லாம் பவுர்ணமிக்கு மறுநாள். ஊர்ல இவர் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துக்குவார். அன்னதானம்னு யார் கேசரி குடுத்தாலும், சர்க்கரைப் பொங்கல் குடுத்தாலும் வேணாம்னு சொல்றதில்ல."

டாக்டர் சிரித்துவிட்டு மாத்திரையை மாற்றி எழுதினார். அப்பா சிரிக்கவில்லை.

ஊருக்குத் திரும்பும் ஆட்டோ ரமணாசிரமத்தைத் தாண்டியது. வெளியே பார்த்தபடியே அப்பா, "பழி தீத்துட்ட" என்றார்.

"எதுக்குப்பா பழி?"

"தெரியாத மாதிரி கேக்காத. ஒம்போதாவது."

மறந்திருப்பார் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். மன்னிக்க அதுவும் வசதியாக இருந்தது.

"விடுப்பா. நீ வெக்கப்பட்டுதான் அப்படிச் சொன்னன்னு எனக்குத் தெரியாதா? பொண்ண கடையில நிக்க வெச்சேன்னு வாத்தியார்கிட்ட எப்படிச் சொல்லுவ…"

அப்பா என் பக்கம் திரும்பினார். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டிருந்தார்.

"வெக்கமா? லட்சம் பேர் பாத்துட்டுப் போற ரோட்டுல கடை. உன்ன எல்லாரும்தான் பாத்தாங்க. இதுல இன்னா வெக்கம்?"

"பின்ன?"

"அந்தப் பத்து நாள்ல சித்ரா பவுர்ணமி வந்துச்சு பாப்பா. வருஷத்துக்கே பெரிய கூட்டம். நீ போயிட்டா பொட்டலம் யாரு மடிப்பா?"

கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. டாக்டர் மாத்திரையை விளக்கியதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டு மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தார்.

காலண்டர் முன்னால் நின்று தாள்களைத் தூக்கிப் பார்த்த அந்தக் கட்டைவிரல். முப்பது வருஷமாக அப்பாவின் ஒவ்வொரு காரியத்தோடும் நான் கௌரவம் என்று ஒன்றைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். கூட்டக் கூட்ட அவர் உயர்ந்துகொண்டே போனார். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த தூரம் மட்டும் அப்படியே இருந்தது.

பௌர்ணமிகளை அவ்வளவு அறிந்தவள், வந்துபோனவற்றை மட்டுமே பார்த்திருக்கிறேன். முன்னால் வரப்போகிறதைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவே இல்லை. இப்போதுதான் தோன்றியது. கைபேசியை எடுத்து அந்த வருஷத்துக் காலண்டரைத் தேடினேன். முகாமின் தேதிகள் எனக்கு இன்னும் மனப்பாடம்.

அப்பாவின் கணக்கில் தப்பில்லை. ஏழாம் நாள்.